ஒரே வீடு, ஒரே கிருமி: அல்சர் தம்பிக்கு, கவலை அண்ணனைப் பற்றி

கேள்வி:

டாக்டருக்கு வணக்கம். ஈரோடு பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இரவு ஷிஃப்ட் பார்க்கிறேன், வயது 38. மூன்று மாதம் முன்னால் கறுப்பாக மலம் போய், மயக்கம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். எண்டோஸ்கோபியில் டியோடினத்தில் (சிறுகுடல் தொடங்கும் இடம்) அல்சர், பைலோரி கிருமி பாசிட்டிவ் என்று வந்தது. 14 நாளுக்குக் கிட் மாத்திரை கொடுத்தார்கள். வாய் கசந்தது, வலியும் போய்விட்டது, அதனால் எட்டு நாளோடு நிறுத்திவிட்டேன். அண்ணனுக்கு 45 வயது. மாஸ்டர் ஹெல்த் செக்கப்பில் ரத்தத்தில் அதே கிருமி பாசிட்டிவ். ஆனால் அவருக்கு ஒரு நெஞ்செரிச்சல்கூடக் கிடையாது, கல்லைத் தின்றாலும் செரிக்கும். எங்கள் அப்பா 61 வயதில் வயிற்றுப் புற்றுநோயில் இறந்தார். காக்-ஏ என்கிற வகைதான் புற்றுநோய் உண்டாக்கும் என்று படித்தேன், அது இருக்கிறதா என்று பார்க்க டெஸ்ட் இருக்கிறதாம். எடுக்கலாமா? அப்பா மாதிரி எனக்கும் வருமா? பிள்ளைகளுக்கும் பார்க்க வேண்டுமா? முதுகு வலிக்கு மட்டும் அவ்வப்போது மாத்திரை போடுவேன், மற்றபடி எந்தக் கெட்ட பழக்கமும் இல்லை.

பதில்:

வணக்கம் தம்பி. முதலில் நேராகச் சொல்லிவிடுகிறேன்: காக்-ஏ டெஸ்ட் வேண்டாம். அந்தக் காசோடு கொஞ்சம் சேர்த்து உங்கள் அண்ணனை எண்டோஸ்கோபிக்கு அனுப்புங்கள். ரத்தம் போய் ஆஸ்பத்திரியில் கிடந்தது நீங்கள், டாக்டர் ஏன் அண்ணனைக் கேட்கிறார் என்று தோன்றும். அதற்குப் பதில் சொல்ல வேண்டுமானால் இந்தக் கிருமி என்ன செய்கிறது என்று கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், பொறுமையாகப் படியுங்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரியை ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரத்தில் ராபின் வாரனும் பேரி மார்ஷலும் 1982ல் வளர்த்துக் காட்டினார்கள். அதுவரை வயிற்று அமிலத்தில் எந்தக் கிருமியும் குடியிருக்க முடியாது, அல்சர் என்பது டென்ஷனாலும் காரத்தாலும் வருவது என்றுதான் உலகமே நம்பிக்கொண்டிருந்தது (நம் ஊரில் இன்னும் நம்புகிறார்கள், அது வேறு கதை). யாரும் ஏற்கவில்லை என்றதும் மார்ஷல் 1984ல் அந்தக் கிருமியைக் கலக்கித் தானே குடித்துவிட்டார். சில நாளில் குமட்டல், வாந்தி. எண்டோஸ்கோபி செய்து பார்த்தால் வயிற்றின் உள்தோல் வீங்கிச் சிவந்திருந்தது. இருவருக்கும் 2005ல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தக் கதையைச் சொல்கிற பலரும் விட்டுவிடுகிற ஒன்று உண்டு: மார்ஷலுக்கு வந்தது வீக்கம் மட்டும்தான், அல்சர் வரவில்லை. கிருமி குடியேறிய எல்லா வயிற்றிலும் ஏதோ ஓர் அளவு வீக்கம் இருக்கும். புண் வரை போவது ஒரு சிறு பங்கினருக்கு, புற்றுநோய் வரை போவது நூற்றில் ஓரிருவருக்குத்தான். உங்கள் அண்ணன், நீங்கள், உங்கள் அப்பா மூவரும் இந்த மூன்று படிகளில் நிற்கிறீர்கள் போலத் தெரிகிறது. கேள்வியும் அதுதான், அந்த வித்தியாசம் கிருமியில் இருக்கிறதா, வயிற்றில் இருக்கிறதா?

கிருமியின் வீரியத்தை முதலில் பார்ப்போம். எல்லா பைலோரியிடமும் இருக்கிற ஆயுதம் யூரியேஸ் என்ற நொதி. கிருமியின் உடம்பில் இருக்கும் மொத்தப் புரதத்தில் பத்தில் ஒரு பங்கு வரைக்கும் இந்த ஒன்றே இருக்கும், அவ்வளவு முக்கியம் அதற்கு. வயிற்றில் இருக்கும் யூரியாவை உடைத்து அம்மோனியாவாக்கித் தன்னைச் சுற்றியிருக்கும் அமிலத்தை அது மட்டுப்படுத்திக்கொள்கிறது, அதுவும் வெளியே அமிலம் ஏறினால் மட்டும் யூரியாவை உள்ளே விடுகிற ஒரு வாசலை வைத்துக்கொண்டு. உங்கள் வயிற்றிலிருந்து எடுத்த துணுக்கை ஒரு மஞ்சள் ஜெல்லில் போட்டு நிறம் மாறுகிறதா என்று பார்த்திருப்பார்களே, அது இந்த அம்மோனியாவைத்தான். அதே அம்மோனியா இன்னொரு வேலையும் செய்கிறது. வயிற்றின் உள்சுவரைப் போர்த்தியிருக்கும் கோழைப் படலம் அமிலத்தில் ஜெல்லாக இறுகி நிற்கும். அமிலம் குறைந்தால் இளகிவிடும். கிருமி திருகு மாதிரி வளைந்திருப்பதால் துளைத்துக்கொண்டு போகிறது என்று நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தோம், உண்மையில் அது முன்னாலிருப்பதை இளக்கிவிட்டு வாலை அடித்து நீந்திப் போகிறது.

உள்ளே போனதும் பிடித்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் சாப்பாட்டோடு அடித்துக்கொண்டு போய்விடும். அதற்கு அதன் மேல்தோலில் சில ஒட்டும் புரதங்கள் இருக்கின்றன. பாப்-ஏ என்ற ஒன்று நம் செல்களின் மேலிருக்கும் ரத்த வகை சம்பந்தப்பட்ட ஒரு சர்க்கரைச் சங்கிலியைப் பிடித்துக்கொள்ளும். சாப்-ஏ என்று இன்னொன்று இருக்கிறது, எனக்கு இதுதான் ஆச்சரியம்: அது பிடித்துக்கொள்ளும் சர்க்கரை நல்ல நிலையில் இருக்கும் வயிற்றில் அதிகம் இருக்காது, வீக்கம் வந்த வயிற்றில்தான் செல்கள் அதை வெளியே நீட்டும். ஆக, கிருமி தான் உண்டாக்கிய வீக்கத்தையே தனக்குப் பிடிமானமாக்கிக்கொள்கிறது. வருடக்கணக்கில் ஏன் தானாகப் போவதில்லை என்பதற்கு இது ஒரு காரணம். இன்னொன்று, நம் எதிர்ப்புசக்தி மற்றக் கிருமிகளின் வாலைப் பார்த்தே உஷாராகிவிடும். இந்தக் கிருமியின் வாலை அதற்கு அடையாளம் தெரியாது.

சரி, இப்போது நீங்கள் படித்த காக்-ஏ. இது எல்லாப் பைலோரியிடமும் கிடையாது. சில வகைகளின் டி.என்.ஏவில் சுமார் 30 மரபணுக்கள் அடங்கிய ஒரு துண்டு எங்கிருந்தோ வந்து செருகப்பட்டிருக்கும். அந்த மரபணுக்களில் பெரும்பாலானவை சேர்ந்து ஒரு ஊசியைக் கட்டுகின்றன, ஆம், மருந்து ஏற்றுகிற ஊசி மாதிரியேதான், கிருமியின் உடம்பிலிருந்து நம் செல்லுக்குள் போகிற நுண்குழாய். அதன் வழியே காக்-ஏ புரதம் உள்ளே போகிறது. உள்ளே போன அந்நியப் புரதத்தை நம் செல்லே தன் நொதிகளால் முத்திரை குத்தி வேலைக்குச் சேர்த்துக்கொள்கிறது, அதற்குப் பிறகு செல்லின் வளர்ச்சி, வடிவம், பக்கத்துச் செல்லோடு ஒட்டியிருக்கும் பிடி எல்லாம் தாறுமாறாகிவிடும். ஆய்வுக்கூடத்தில் பார்த்தால் உருண்டையாக இருக்க வேண்டிய செல் நீண்டு இழுபட்டுக் கிடக்கும். இந்த முத்திரை விழும் இடம் ஜப்பான், கொரியா, சீனாவில் உள்ள கிருமிகளில் ஒரு மாதிரியும் மற்ற நாட்டுக் கிருமிகளில் வேறு மாதிரியும் இருக்கிறது. கிழக்காசிய வகை செல்லுக்குள் இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும். அங்கே வயிற்றுப் புற்றுநோய் அதிகமாக இருப்பதற்கு இது ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது.

வாக்-ஏ என்ற நச்சும் உண்டு. இதன் மரபணு எல்லா வகைகளிலும் இருக்கும், ஆனால் சிலதில் கூர்மையாகவும் சிலதில் மழுங்கியும் இருக்கும். கூர்மையானது செல்லுக்குள் குமிழி குமிழியாக ஓட்டைபோடும், எதிர்ப்புசக்திச் செல்களையும் மந்தப்படுத்தும். காக்-ஏ உள்ள கிருமிக்கு வாக்-ஏவும் பெரும்பாலும் கூர்மையாகவே இருக்கும்.

இவ்வளவு பயமுறுத்திவிட்டு டெஸ்ட் வேண்டாம் என்கிறேனே! காரணம் இருக்கிறது. ஐரோப்பா, அமெரிக்காவில் காக்-ஏ உள்ள வகை, இல்லாத வகை இரண்டும் கலந்து கிடக்கும், அதனால் அங்கே அந்தப் பிரிவினைக்கு ஓரளவு அர்த்தம் உண்டு. இந்தியாவில் கொல்கத்தா ஆய்வாளர்கள் பார்த்தபோது அல்சர் உள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் காக்-ஏ பரவலாக இருந்தது; அதை வைத்து இவருக்கு அல்சர் வரும், அவருக்கு வராது என்று பிரிக்க முடியவில்லை. உங்களுக்கும் பாசிட்டிவ் என்று வரத்தான் வாய்ப்பு அதிகம். அப்புறம் என்ன செய்வீர்கள்? ராத்திரித் தூக்கம் போகும், அவ்வளவுதான், சிகிச்சை ஒன்றுகூட மாறாது. ஒரே வயிற்றுக்குள்ளேயே ஊசி உள்ள கிருமியும் இல்லாத கிருமியும் சேர்ந்து இருக்கலாம். ஊசி உள்ள கிருமியும் வீக்கம் மிஞ்சிப்போனால் அந்த ஊசியை நிறுத்திவைக்கிறது என்று விலங்குகளில் பார்த்திருக்கிறார்கள். லேபில் எடுக்கும் காக்-ஏ டெஸ்ட் ரத்தத்தில் எதிர்ப்பொருளைப் பார்ப்பதாக இருந்தால் இன்னும் மோசம், கிருமி ஒழிந்த பிறகும் அது நீண்ட காலம் பாசிட்டிவ் காட்டும்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். இந்தக் கிருமி பெரும்பாலும் சின்ன வயதில், வீட்டுக்குள்ளேயே, அம்மாவிடமிருந்தோ கூடப்பிறந்தவர்களிடமிருந்தோ தொற்றுவது. நீங்களும் அண்ணனும் ஒரே வீட்டில் ஒரே சோறு சாப்பிட்டு வளர்ந்தவர்கள், இருவரிடமும் அநேகமாக ஒரே வகைக் கிருமிதான் இருக்கும். அப்படியிருந்தும் உங்களுக்கு ரத்தம் போனது, அவருக்கு ஒரு ஏப்பம்கூட இல்லை. ஆகவே பதிலைக் கிருமியில் மட்டும் தேடிப் பயனில்லை.

வயிற்றின் எந்தப் பகுதியில் வீக்கம் அதிகம் என்பதுதான் இங்கே பாதை பிரிகிற இடம். அமிலம் சுரக்கும் செல்கள் வயிற்றின் நடுவிலும் மேலும் இருக்கின்றன. கீழே, குடலுக்குத் திரும்புகிற இடத்தில் இருக்கும் ஆன்ட்ரம் என்ற பகுதி, எவ்வளவு அமிலம் சுரக்கலாம் என்று உத்தரவு போடுகிற இடம். கிருமி ஆன்ட்ரத்தில் மட்டும் உட்கார்ந்து அதை வீங்க வைத்தால், 'அமிலம் போதும்' என்று சொல்கிற ஹார்மோன் குறைந்து, சுரக்கச் சொல்கிற கேஸ்ட்ரின் கூடிவிடும். மேலே இருக்கிற செல்கள் நல்ல நிலையில் இருப்பதால் சொன்னபடி அமிலத்தைக் கொட்டும். அது டியோடினத்தில் இறங்க, அங்கே உள்தோல் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வயிற்றுத்தோல் மாதிரி மாற, அங்கேயும் கிருமி குடியேற, புண். இது உங்கள் கதை.

அதே கிருமி மேல்பகுதிக்கும் ஏறி அமிலம் சுரக்கும் செல்களையே மெல்ல மெல்ல அழித்தால் என்ன ஆகும்? அமிலம் குறையும், எரிச்சல் இருக்காது, புளித்த ஏப்பம் இருக்காது, ஆள் எனக்கு வயிறு கம்பீரமாக இருக்கிறது என்று சொல்லிக்கொண்டிருப்பார். ஆனால் உள்தோல் மெலிந்து, பிறகு குடல்தோல் மாதிரி உருமாறி, பல பத்தாண்டுகள் கழித்துச் சிலருக்குப் புற்றுநோய் வரை போவது இந்தப் பாதையில்தான். ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக ஏறக்குறைய எட்டு வருடம் பின்தொடர்ந்து 2001ல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. கிருமி இருந்த 1,246 பேரில் 36 பேருக்கு வயிற்றுப் புற்றுநோய் வந்தது. கிருமி இல்லாத 280 பேரில் ஒருவருக்கும் வரவில்லை. கிருமி இருந்தும் டியோடின அல்சரோடு இருந்த 275 பேர்? அவர்களிலும் ஒருவருக்கும் வரவில்லை. உங்களுக்கு வரவே வராது என்று நான் எழுதித் தர முடியாது, ஆனால் அப்பாவை நினைத்துப் பயப்பட வேண்டிய வரிசையில் நீங்கள் முதலில் இல்லை.

அண்ணன் அந்தப் பாதையில்தான் இருக்கிறார் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலும் லேசான வீக்கத்தோடு நன்றாகவே இருப்பார். ஆனால் வலி இல்லாததை வைத்து அதை முடிவு செய்ய முடியாது, அப்பாவுக்கு இந்த நோய் இருந்த வீட்டில் நிச்சயமாக முடியாது.

கொலம்பியாவில் இரண்டு ஊர்கள் பற்றி ஓர் ஆய்வு உண்டு. பசிபிக் கடலோரத்தில் துமாகோ, ஆண்டிஸ் மலைமேல் துகெரெஸ், இடையே சுமார் 200 கிலோமீட்டர்தான். இரண்டு ஊரிலும் ஏறக்குறைய எல்லாருக்குமே கிருமி இருக்கிறது, ஆனால் மலையூரில் வயிற்றுப் புற்றுநோய் கடலோரத்தைப்போல 25 மடங்கு. 2014ல் கிருமிகளின் பூர்வீகத்தையும் மனிதர்களின் பூர்வீகத்தையும் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். ஆப்பிரிக்கப் பூர்வீகக் கிருமி, ஆப்பிரிக்கப் பூர்வீகம் உள்ள கடலோர மக்களிடம் சாதுவாக இருந்தது. அதே ஆப்பிரிக்கப் பூர்வீகக் கூறு உள்ள கிருமி, அமெரிக்கப் பழங்குடிப் பூர்வீகம் உள்ள மலைமக்களின் வயிற்றில் நாசம் செய்துகொண்டிருந்தது. தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்து வாழ்ந்த கிருமியும் மனிதனும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொள்கிறார்கள், புதிதாகச் சந்தித்தவர்கள் மோதிக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்கொள்ளலாம். கிருமியை மட்டும் டெஸ்ட் பண்ணி ஜாதகம் சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இப்போது நீங்கள் கடைசி வரியில் போகிற போக்கில் சொன்ன விஷயத்துக்கு வருகிறேன். முதுகு வலி மாத்திரை. பெயர் எழுதவில்லை, ஆனால் மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கிப் போடுவது டைக்ளோஃபெனாக், அசெக்ளோஃபெனாக் மாதிரி ஏதோ ஒன்றாகத்தான் இருக்கும். வயிற்றின் உள்தோலுக்குக் கோழையும் ரத்த ஓட்டமும் கிடைக்கச் செய்யும் ப்ராஸ்டாகிளான்டினை இந்த மாத்திரைகள் நிறுத்திவிடும். கிருமி தனியாகவும் அல்சர் உண்டாக்கும், மாத்திரை தனியாகவும் உண்டாக்கும், இரண்டும் ஒரே ஆளிடம் சேர்ந்தால் ஆபத்து கூட்டலாக இல்லாமல் பெருக்கலாக ஏறுகிறது. உங்களுக்கும் அண்ணனுக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரிய பங்கு இதுவாகவே இருக்கலாம், உங்கள் ரத்தக்கசிவுக்கும் இதை நான் முதலில் சந்தேகப்படுவேன். நீங்கள் இதைக் கெட்ட பழக்கத்தில் சேர்க்கவில்லை, நான் சேர்க்கிறேன். இனிமேல் வலிக்கு பாராசிட்டமால் போதும், அதற்கும் அடங்காவிட்டால் முதுகைக் காட்டுங்கள், மாத்திரையை மாற்றாதீர்கள்.

எட்டு நாளில் நிறுத்தியதற்கு வருவோம். வலி குறைந்தது கிட்டில் இருந்த அமிலம் குறைக்கும் மாத்திரையால். கிருமி செத்ததால் என்று அர்த்தமில்லை. வாய் கசந்தது என்பதால் அதில் கிளாரித்ரோமைசின் இருந்திருக்கும் என்று நினைக்கிறேன். பாதியில் விட்டால் மிஞ்சுகிற கிருமி அந்த மருந்துக்குப் பழகியதாக இருக்கலாம், அதனால் தயவுசெய்து மிச்சமிருக்கும் ஆறு நாள் மாத்திரையை இப்போது எடுத்து விழுங்கி முடிக்காதீர்கள். முதலில் கிருமி இருக்கிறதா என்று பாருங்கள்: மூச்சுப் பரிசோதனை, இல்லையென்றால் மலத்தில் ஆன்டிஜன் (கிருமியின் புரதம்) பரிசோதனை, இரண்டில் எது கிடைக்கிறதோ அது. ஆன்டிபயாட்டிக் நிறுத்தி நாலு வாரமாவது ஆகியிருக்க வேண்டும், அமில மாத்திரையை இரண்டு வாரம் நிறுத்தியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் கிருமி இருந்தும் இல்லை என்று காட்டும். உங்களுக்கு ரத்தம் போன புண் என்பதால் அமில மாத்திரையை நிறுத்தும் நாளை உங்கள் டாக்டரைக் கேட்டே முடிவு செய்யுங்கள்.

இன்னும் இருந்தால் அதே கிட்டைத் திரும்பப் போடக் கூடாது. பிஸ்மத், டெட்ராசைக்ளின், மெட்ரோனிடசோல், அமில மாத்திரை என்று நாலும் சேர்ந்த 14 நாள் சிகிச்சையைத்தான் பெரும்பாலும் தருவோம். மாத்திரை எண்ணிக்கை அதிகம், வாய் உலோகமாக ருசிக்கும், மெட்ரோனிடசோல் போடும் நாட்களில் மது கூடவே கூடாது, டெட்ராசைக்ளினைப் பாலோடு போடக் கூடாது. பிஸ்மத் மலத்தைக் கறுப்பாக்கும், அதைப் பார்த்துத் திரும்ப ரத்தம் என்று அலற வேண்டாம். ஆனால் தார் மாதிரி பிசுபிசுவென்று, கடும் நாற்றத்தோடு போனாலோ, தலைசுற்றல், படபடப்பு வந்தாலோ அது பிஸ்மத் இல்லை, ராத்திரி ஷிஃப்டாக இருந்தாலும் அப்படியே கிளம்பி எமர்ஜென்சிக்குப் போய்விடுங்கள்.

கிருமியை ஒழிக்காமல் வெறும் கேஸ் மாத்திரையை வருடக்கணக்கில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் நிறைய. அமிலம் குறைந்த வயிற்றில் கிருமி கீழிருந்து மேல்பகுதிக்குப் பரவுகிறது, அதாவது உங்கள் பாதையிலிருந்து மோசமான பாதைக்கு. மணத்தக்காளி, தயிர் எல்லாம் தாராளமாகச் சாப்பிடுங்கள், கிருமி போகாது, வயிற்றுக்கு இதமாக இருக்கும். காரத்தால் அல்சர் வருவதில்லை, புண் ஆறும்வரை எரிந்தால் குறைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் விஷயம். அவருக்கு எடுத்த ரத்தப் பரிசோதனை, வாழ்க்கையில் எப்போதோ கிருமி இருந்தது என்று மட்டும்தான் சொல்லும். 45 வயது, அப்பாவுக்கு வயிற்றுப் புற்றுநோய் என்பதால் அவரை மூச்சுப் பரிசோதனையோடு விடமாட்டேன், எண்டோஸ்கோபி செய்து ஆன்ட்ரத்தில் இரண்டு, நடுப்பகுதியில் இரண்டு, இடையே இருக்கும் வளைவில் ஒன்று என்று ஐந்து துணுக்கு எடுத்து, எந்தப் பகுதியில் வீக்கம், தோல் மெலிந்திருக்கிறதா, உருமாறியிருக்கிறதா என்று எழுதித் தரச் சொல்வேன். கிருமி இருந்தால் சிகிச்சை, அதில் யோசனையே இல்லை. கொரியாவில் அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்களுக்கு வயிற்றுப் புற்றுநோய் இருந்த 1,676 பேரிடம் செய்து 2020ல் வெளியிட்ட ஆய்வில், ஒன்பது வருடத்தில் சிகிச்சை பெற்றவர்களில் 1.2 சதவீதம் பேருக்கும் பெறாதவர்களில் 2.7 சதவீதம் பேருக்கும் புற்றுநோய் வந்தது; கிருமி உண்மையிலேயே ஒழிந்தவர்களை மட்டும் எடுத்தால் 0.8 சதவீதம். இதில் யாரும் காக்-ஏ பார்த்துச் சிகிச்சை கொடுக்கவில்லை. தோல் ஏற்கெனவே உருமாறியிருந்தால் கிருமி போன பிறகும் சில வருடத்துக்கொரு முறை எண்டோஸ்கோபி தேவைப்படும், அதை ரிப்போர்ட்டைப் பார்த்துச் சொல்வார்கள்.

பிள்ளைகளுக்கு வயிற்று வலி, ரத்தசோகை என்று ஏதும் இல்லையென்றால் இப்போது எந்த டெஸ்டும் வேண்டாம், பெரியவர்களான பிறகு ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம். எண்டோஸ்கோபி என்றதும் அண்ணன் எனக்குத்தான் ஒன்றும் இல்லையே என்று நழுவுவார். அப்போது இந்தப் பதிலில் ஜப்பான் ஆய்வு பற்றிய பத்தியை மட்டும் அவரிடம் படிக்கக் கொடுங்கள்.